இரண்டு தேசங்களும் ஒரு பட்டியலும்

ஆயுதம் செய்கிறவன் அதை என்றைக்காவது உபயோகிக்கலாம் என்று எண்ணித்தான் செய்கிறான். வாள் வெட்டுவதற்கு, துப்பாக்கி சுடுவதற்கு. உபயோகிக்காமல் வைத்திருப்பதற்காகவே கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டி, நாட்டின் சிறந்த மூளைகளை வருஷக் கணக்கில் அதற்கென்றே உழைக்க வைத்து, ஓர் ஆயுதத்தைச் செய்வது அணுகுண்டோடு பிறந்த விந்தை. "இது என்னிடம் இருக்கிறது, ஆகவே நீ என்மேல் கை வைக்கமாட்டாய்" என்று எதிரியை எண்ண வைப்பதுதான் அதன் பிரயோஜனம். அச்சுறுத்தித் தடுப்பது என்று இதைச் சொல்லுகிறார்கள்.

அமெரிக்காவும் ருஷ்யாவும் இந்த விளையாட்டை ஆடியபோது இடையே சமுத்திரமும் வட துருவமும் இருந்தன. ஒரு நாட்டில் கிளம்பும் ஏவுகணை மற்ற நாட்டை அடைய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியில் டெலிபோனில் பேசலாம். வந்த தகவல் உண்மைதானா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை விசாரிக்கலாம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் அந்த அவகாசம் இல்லை. லாகூர் நகரம் எல்லையிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. டில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையே ஏவுகணைக்குச் சில நிமிஷப் பிரயாணந்தான். அங்கே அடிக்கும் காற்றுத்தான் இங்கேயும் அடிக்கிறது. ஒரே வீடாக இருந்து, நடுவில் சுவர் எழுப்பிக்கொண்ட இரு குடும்பங்கள் இவை. இந்த இருவரும் அணுகுண்டுக்கு வந்து சேர்ந்த வழி எது? இன்று ஒருவரையொருவர் எப்படிப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார்கள்? ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்குச் சில விஷயங்கள் தெளிவாகும்.

இந்தியாவின் கதை சமாதானமாகவே ஆரம்பமாயிற்று. 1948-ல் அணுசக்திக் கமிஷன் ஏற்பட்டது. ஹோமி பாபா அதன் தலைவர். 1956 ஆகஸ்டு 4-ந் தேதி பம்பாய்க்கு அருகில் டிராம்பேயில் 'அப்ஸரா' என்ற அணு உலை இயங்கத் தொடங்கியது. ருஷ்யாவை நீக்கிப் பார்த்தால் ஆசியாவிலேயே அதுதான் முதல் உலை. 1960-ல் கானடா உதவியுடன் இன்னொரு பெரிய உலை வந்தது. அதற்கு வேண்டிய கன நீரை அமெரிக்கா கொடுத்தது. எல்லாம் ஆராய்ச்சிக்காக, மின்சாரத்துக்காக என்றுதான் பேச்சு. ஆனால் உலையில் எரிந்த யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் சாலையும் 1964-ல் டிராம்பேயில் தயாராகிவிட்டது. புளூட்டோனியம் கையில் இருந்தால் குண்டுக்கு முக்கியமான சரக்கு கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதே 1964-ல் அக்டோபர் 16-ந் தேதி சீனா தன் முதல் குண்டை வெடித்தது. இமயத்தில் சீனாவிடம் இந்தியா தோற்று அப்போது இரண்டே வருஷங்கள் ஆகியிருந்தன. காயம் ஆறவில்லை. பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி காந்தீயவாதி. குண்டு வேண்டாம் என்பது அவர் கட்சி. ஆயினும், சமாதான காரியங்களுக்காகப் பூமிக்குள் வெடித்துப் பார்ப்பது பற்றி ஆராய்ச்சி செய்ய அவர் இணங்கினார். பிறகு விதி புகுந்து விளையாடியது. 1966 ஜனவரி 11-ந் தேதி சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். பதின்மூன்று நாட்கள் கழித்து ஆல்ப்ஸ் மலைச் சிகரமான மோன் பிளாங்கில் விமானம் மோதிப் பாபா மாண்டார். அன்றைக்குத்தான் இந்திரா காந்தி பிரதம மந்திரியாகப் பதவி ஏற்றுக்கொண்டார். நாவலில் இப்படி ஓர் அத்தியாயம் எழுதினால், 'ஆசிரியர் சௌகரியத்துக்காகத் தேதிகளைப் பொருத்திவிட்டார்' என்று வாசகர்கள் குறை சொல்வார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

இந்திரா காந்தியின் அனுமதியுடன் 1974 மே 18-ந் தேதி, ராஜஸ்தான் பாலைவனத்தில் பொக்ரானுக்கு அருகே பூமிக்குள் இந்தியா முதல் வெடிப்பை நடத்தியது. ராஜா ராமண்ணா முதலிய விஞ்ஞானிகள் அதை நடத்திக் காட்டினார்கள். 'சமாதான வெடிப்பு' என்று பெயர் சூட்டப்பட்டது. புளூட்டோனியம் கானடா உதவிய உலையிலிருந்து வந்தது. கானடா சினந்து உதவியை நிறுத்திவிட்டது. அணுப் பொருள்களை விற்கும் நாடுகள் ஒன்றுகூடிக் கட்டுப்பாடு விதித்தன. சமாதானம் என்ற அடைமொழியை அதிகம் பேர் நம்பவில்லை. பாகிஸ்தான் சிறிதும் நம்பவில்லை.

ஆனால் பொக்ரான் வெடித்ததனால்தான் பாகிஸ்தான் குண்டுக்கு ஆசைப்பட்டது என்று எண்ணிவிடக்கூடாது. விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1971 டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் சரணடைந்தது. தேசத்தின் கிழக்குப் பாதி தனி நாடாகிப் போயிற்று. இந்தியாவுக்கு 1962-ல் ஏற்பட்டது மானபங்கம் என்றால், பாகிஸ்தானுக்கு 1971-ல் ஏற்பட்டது அங்கஹீனம். சில நாட்களில் ஆட்சிக்கு வந்த ஜுல்பிகர் அலி புட்டோ, 1972 ஜனவரியில் முல்தான் நகரில் விஞ்ஞானிகளைக் கூட்டி வைத்துக் குண்டு வேண்டும் என்று கேட்டார். இந்தியா குண்டு செய்தால், புல்லைத் தின்றாவது நாமும் செய்வோம் என்று 1965-லேயே பேசியவர் அவர்.

இந்தியா போன வழியிலேயே போகப் பாகிஸ்தான் முதலில் முயன்றது. புளூட்டோனியம் பிரிக்கும் சாலை ஒன்றைத் தருவதாகப் பிரான்ஸ் ஒப்பந்தம் செய்து, அமெரிக்காவின் நெருக்குதலால் 1978-ல் பின்வாங்கிவிட்டது. இதற்குள் வேறு வழி ஒன்று திறந்திருந்தது. போபாலில் பிறந்து, தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குக் குடிபோன அப்துல் காதர் கான் என்ற உலோக நிபுணர், ஹாலந்தில் யுரேனியம் சம்பந்தமான வேலையில் இருந்தார். பொக்ரான் செய்தி வந்தபின் அவர் புட்டோவுக்குக் கடிதம் எழுதினார். 1975-ன் கடைசியில் தாய்நாடு திரும்பினார். வரும்போது அங்கே தெரிந்துகொண்ட ரகசியங்களையும் கொண்டு வந்தார். மறுவருஷம் கஹூட்டாவில் வேலை ஆரம்பமாயிற்று.

அந்த வழி என்ன என்பதை நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே சொல்லலாம். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் பிரிகிறது அல்லவா? இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் வகை நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. யுரேனியத்தை வாயுவாக்கி, அதிவேகமாகச் சுழலும் உருளைகளில் விட்டால், கனமான வகை ஓரத்துக்குப் போகும். லேசான வகை நடுவில் தங்கும். ஓர் உருளையில் கிடைக்கும் பலன் சொற்பம். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கான உருளைகளில் திரும்பத் திரும்பக் கடைய வேண்டும். இந்த வெண்ணெய் திரளும் வரை புட்டோ உயிரோடு இருக்கவில்லை. 1979 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரைக் கவிழ்த்த ஜெனரல் ஜியா, அவர் தொடங்கிய வேலையை மட்டும் நிறுத்தவில்லை.

1998 மே 11, 13 தேதிகளில் இந்தியா பொக்ரானில் ஐந்து குண்டுகளை வெடித்ததாக அறிவித்தது. வாஜ்பாய் பிரதம மந்திரி. இம்முறை 'சமாதானம்' என்ற அடைமொழி இல்லை. பதினேழு நாட்களில், மே 28-ந் தேதி பலூச்சிஸ்தானில் சாகாய் மலைப் பிரதேசத்தில் பாகிஸ்தான் பதில் சொல்லியது; இரண்டு நாள் கழித்து இன்னொன்றும் வெடித்தது. அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் பலமுறை டெலிபோனில் வேண்டியும் நவாஸ் ஷெரீப் கேட்கவில்லை. கராச்சியிலும் லாகூரிலும் ஜனங்கள் மிட்டாய் வழங்கினார்கள். டில்லியிலும் அதற்குமுன் அப்படித்தான் வழங்கியிருந்தார்கள். மிட்டாய் வாங்கித் தின்ற பாகிஸ்தானியர் பலருக்கு இன்னொரு செய்தியும் காத்திருந்தது. அன்றே அவசர நிலை பிரகடனமாகி, பாங்குகளில் அந்நிய நாணயமாகப் போட்டிருந்த சேமிப்பை எடுக்க முடியாமல் முடக்கிவிட்டார்கள். குண்டுக்கு முதல் கட்டணம் செலுத்தியவர்கள் எதிரி நாட்டார் அல்ல. சொந்த நாட்டின் நடுத்தரக் குடும்பங்களே.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் குண்டுக்கு உழைத்தவர் இந்தியாவின் போபாலில் பிறந்தவர். இந்தியாவின் ஏவுகணைகளுக்கு உழைத்து, 1998 வெடிப்பிலும் முன் நின்றவர் ராமேஸ்வரத்து மரைக்காயர் குடும்பத்தில் பிறந்த அப்துல் கலாம். மதத்தைக் கொண்டு தேசத்தை அளக்கிறவர்களின் அளவுகோல் இந்த இடத்தில் முறிந்துபோகிறது.

இனி, இருவரும் தங்கள் ஆயுதத்தைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள் என்று பார்ப்போம். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டாக்ஹோம் சமாதான ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் 2025 ஜனவரி மதிப்பீட்டின்படி இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170. வித்தியாசமெல்லாம் சொல்லில் இருக்கிறது.

இந்தியா 2003 ஜனவரியில் தன் கொள்கையை வெளியிட்டது. முதலில் பிரயோகிக்க மாட்டோம்; ஆனால் எங்கள் மண்ணிலோ, எங்கே இருந்தாலும் எங்கள் படைகள் மீதோ அணு ஆயுதம் விழுந்தால், தாங்க முடியாத அளவுக்குத் திருப்பி அடிப்போம் என்பது அதன் சாரம். விஷவாயு, கிருமி ஆயுதங்களால் பெருந்தாக்குதல் நேர்ந்தால் மட்டும் வாக்குறுதிக்கு விலக்கு உண்டு. அடி வாங்கிய பிறகும் அடிக்கச் சக்தி வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் கடலுக்கடியில் ஒளிந்து திரியும் 'அரிஹந்த்' நீர்மூழ்கி. 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் 'அக்னி' ஏவுகணை பாகிஸ்தானுக்குத் தேவையே இல்லை. அது சீனாவை நினைத்துச் செய்தது. இந்தியா இரண்டு வாசல்களைக் காவல் காக்கிறது. பாகிஸ்தானோ ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பாகிஸ்தான் அப்படி வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதே அதன் கொள்கை. சாதாரண யுத்தத்தில் இந்தியாவின் படைபலம் பெரிது. தன் தேசமோ அகலம் குறைந்தது. 'முதலில் பிரயோகிக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டால், டாங்கிகள் தைரியமாக உள்ளே வரும் என்பது அதன் பயம். அணு ஆயுத நிர்வாகத்தை நெடுங்காலம் நடத்திய ஜெனரல் காலித் கித்வாய், எந்த நிலையில் தாங்கள் குண்டை எடுக்கக்கூடும் என்பதை 2002-ல் சொன்னார். நிலத்தில் பெரும்பகுதி பறிபோனால், படையில் பெரும்பகுதி அழிந்தால், பொருளாதாரத்தின் குரல்வளை நெரிக்கப்பட்டால், நாட்டுக்குள் பெருங்குழப்பம் விளைவிக்கப்பட்டால் - இந்த நான்கு. ஆனால் 'பெரும்பகுதி' என்பது எவ்வளவு என்று அவர் கோடு கிழிக்கவில்லை. 2011-ல் சுமார் 60 கிலோமீட்டர் மட்டுமே பாயும் 'நஸ்ர்' என்ற சிறு ஏவுகணையையும் பாகிஸ்தான் சோதித்தது. உள்ளே நுழையும் படையைத் தன் எல்லை ஓரத்திலேயே சிறு அணுகுண்டால் நிறுத்துவது நோக்கம்.

ஆக, ஒருவருடைய பலம் வாக்குறுதி. மற்றவருடைய பலம் மௌனம். இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. சிறிய குண்டு ஒன்று தன் டாங்கிப் படைமேல் விழுந்ததற்காக, லட்சக்கணக்கான பேர் வாழும் நகரங்களை இந்தியா அழிக்குமா? பாகிஸ்தானுக்குச் சந்தேகம். அழிவு நிச்சயம் என்று தெரிந்தும் பாகிஸ்தான் அந்தச் சிறிய குண்டைப் போடத் துணியுமா? இந்தியாவுக்குச் சந்தேகம். 2019-ல் இந்தியப் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் பொக்ரானிலேயே நின்று, முதலில் பிரயோகிப்பதில்லை என்ற கொள்கையை இன்றுவரை கடைப்பிடித்திருக்கிறோம், எதிர்காலம் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்ற கருத்தில் பேசினார். வாக்குறுதியிலும் சிறிது மௌனம் கலந்துவிட்டது!

குண்டு யுத்தத்தைத் தடுத்ததா? குண்டு வெடித்து ஒரு வருஷம் ஆவதற்குள் கார்கிலில் சண்டை மூண்டது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பனிமலையில் மாண்டார்கள். ஆகவே தடுக்கவில்லை என்கிறார்கள் சிலர். ஆனால் இந்திய விமானங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை, சண்டை பரவவில்லை, ஆகவே தடுத்தது என்கிறார்கள் வேறு சிலர். 2019-ல் விமானங்கள் தாண்டின. 2025 மே மாதத்தில், பஹல்காம் படுகொலைக்குப் பின், நான்கு நாட்கள் இரு பக்கமும் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் பறந்தன. ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறிவிட்டுத் திரும்பி வருகிறோம். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் எங்கே முடிகிறது என்று இருட்டில் தடவிப் பார்ப்பது போன்ற காரியம் இது.

பாரதக் கதையில் அசுவத்தாமனும் அர்ஜுனனும் எதிரெதிரே அஸ்திரங்களை விட்டார்கள். உலகம் எரிந்துபோகும் என்று முனிவர்கள் நடுவே வந்து நின்று வேண்டினார்கள். அர்ஜுனனுக்குத் திரும்ப அழைக்கத் தெரிந்திருந்தது, அழைத்துக்கொண்டான். அசுவத்தாமனுக்குத் தெரியவில்லை. இன்றைய அஸ்திரத்தைத் திரும்ப அழைக்கும் மந்திரம் இந்த இரு தேசங்களில் ஒன்றுக்கும் தெரியாது. 2022 மார்ச்சு 9-ந் தேதி இந்தியாவிலிருந்து 'பிரம்மோஸ்' ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு என்ற ஊரில் போய் விழுந்தது. பெயரைக் கேட்டால் பிரம்மாஸ்திரந்தான் நினைவுக்கு வரும். உண்மையில் பிரம்மபுத்திரா, மாஸ்கோ என்ற இரு நதிகளின் பெயர் அது. நல்ல வேளையாக அதில் வெடிமருந்து இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. இந்திய விமானப்படை மூன்று அதிகாரிகளை வேலையிலிருந்து நீக்கியது. பாகிஸ்தான் கண்டித்தது, ஆனால் பதிலுக்கு எதையும் ஏவவில்லை. அன்று அந்தப் பிரதேசத்தைக் காப்பாற்றியது எந்தக் கொள்கை? வாக்குறுதியும் அல்ல, மௌனமும் அல்ல. இது தவறுதலாக இருக்கக்கூடும் என்று யாரோ சிலர் பொறுத்திருந்து யோசித்ததுதான்.

அந்தப் பொறுமைக்கு ஆதாரமாக இந்த இரு தேசங்களுக்கும் இடையே ஏதாவது உண்டா? உண்டு. ஒரு பட்டியல்.

1981-ல் இஸ்ரேல் விமானங்கள் ஈராக்கின் அணு உலையைக் குண்டு வீசி அழித்தன. கஹூட்டாவுக்கும் அதே கதி நேருமோ என்று பாகிஸ்தான் நடுங்கியது. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜெனரல் ஜியாவும், ஒருவர் அணு நிலையத்தை ஒருவர் தாக்குவதில்லை என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். 1988 டிசம்பர் 31-ந் தேதி, ராஜீவ் காந்தி இஸ்லாமாபாத்துக்குப் போயிருந்தபோது அது எழுத்தில் வந்தது. அப்போது அங்கே பிரதம மந்திரி பேநசீர் புட்டோ, தூக்கிலிடப்பட்டவரின் மகள். உடன்படிக்கையின்படி ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் தேதி, தன் அணு நிலையங்கள் பூமியில் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு நாடும் மற்றதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நினைத்துப் பாருங்கள். எதிரிக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது! 'இங்கே அடித்தால் எனக்கு வலிக்கும். அடிக்காதே' என்று சொல்லுவது! 1992-ல் முதல் பட்டியல் கைமாறியது. அதன்பின் ஒரு வருஷமும் தவறவில்லை. பார்லிமெண்ட் மீது தாக்குதல் நடந்து, இரு இராணுவங்களும் எல்லையில் எதிரெதிரே வந்து நின்ற 2002 ஜனவரியிலும் கொடுத்தார்கள். 2025 மே மாதச் சண்டைக்குப் பிறகு வந்த புது வருஷப் பிறப்பிலும் கொடுத்தார்கள். தூதர்களைக் குறைத்தாலும், வியாபாரத்தை நிறுத்தினாலும், எல்லைக் கதவை மூடினாலும், அந்தக் காகிதம் மட்டும் டில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நாளில் கைமாறுகிறது. அதே நாளில் இன்னொரு பட்டியலும் போய் வருகிறது. ஒருவர் சிறையில் இருக்கும் மற்றவர் நாட்டுக் கைதிகளின் பெயர்கள். மீன் பிடிக்கப் போய்க் கடலில் எல்லை தெரியாமல் தாண்டிப் பிடிபட்ட செம்படவர்களின் பெயர்கள். 2008-ல் ஏற்பட்ட வேறோர் உடன்படிக்கை அது.

இந்தப் பட்டியலால் என்ன பிரயோஜனம், ஆகாயத்திலிருந்து படம் பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். சரிதான். மறைத்த இடங்களும் இருக்கக்கூடும். ஆனால் பட்டியலின் மதிப்பு அதில் உள்ள தகவலில் இல்லை; தவறாமல் கொடுத்து வந்த பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் உதாரணம் உண்டு. அர்ஜென்டினாவும் பிரேசிலும் நெடுநாள் போட்டியாளர்கள். இரண்டும் ரகசியமாக யுரேனியம் கடைந்தன. 1987-ல் பிரேசில் ஜனாதிபதியை அர்ஜென்டினா தன் ரகசியச் சாலைக்கே அழைத்துக் காட்டியது. மறுவருஷம் பிரேசில் தன்னுடையதைக் காட்டியது. 1991-ல் ஒருவர் நிலையத்தை ஒருவர் சோதிக்கும் பொது ஸ்தாபனம் அமைத்தார்கள். இருவரிடமும் இன்று குண்டு இல்லை. அவர்களுக்கு நடுவே ஒரு காஷ்மீர் இல்லை. பக்கத்தில் ஒரு சீனாவும் இல்லை. ஆகவே அங்கே நடந்தது இங்கே அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களும் கதவைத் திறந்து காட்டியதில்தான் ஆரம்பித்தார்கள்.

நம்முடைய இரு தேசங்களின் உடன்படிக்கையில் உலைகள் இருக்கின்றன, யுரேனியம் கடையும் சாலைகள் இருக்கின்றன, கதிரியக்கப் பொருள்களைச் சேர்த்து வைத்த இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாக்கமாட்டோம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்து, முப்பது வருஷங்களுக்கு மேல் அந்தச் சொல்லை இருவரும் காப்பாற்றி வருகிறார்கள். லாகூரும் அமிர்தசரஸும், கராச்சியும் பம்பாயும், அங்கே விளக்கேற்றிக் குழந்தைக்குச் சோறூட்டும் வீடுகளும் மட்டும் அந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை.